மேடையில் முழு ஆல்பம்: சோல், ஃபங்க் டிரிப்யூட் பேண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரிப்யூட் பேண்ட் என்றால் என்ன?

ஒரே ஒரு கலைஞரின் அல்லது ஒரே ஒரு குழுவின் பாடல்களை வாசிப்பதற்கென்றே அமைந்த இசைக்குழு. 'அஞ்சலிக் குழு' என்று மொழிபெயர்த்தால் நம் காதில் இரங்கல் கூட்டத்துச் சாயல் விழுகிறது. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் இன்னும் பாடிக்கொண்டிருப்பதால் அந்தச் சொல்லை நான் தவிர்த்துவிடுகிறேன். மதுக்கூடத்திலும் கல்யாண விருந்திலும் பத்துப் பேரின் பாட்டைக் கலந்து வாசிப்பது கவர் பேண்ட், அது வேறு.

இங்கே பேசப்போவது இன்னும் குறுகலான வகை. 1960களிலும் 70களிலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வெளியிட்ட சோல் (குரலின் உணர்ச்சிக்கு முதலிடம்), ஃபங்க் (தாளத்துக்கு முதலிடம்) ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே மாலையில் வாசித்துக் காட்டும் குழுக்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவர்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

பிரபலமான பத்துப் பாடல்களைப் பொறுக்கி வாசித்தால் போதாதா? முழு ஆல்பம் எதற்கு?

சில ஆல்பங்களைப் பொறுக்க முடியாது. மோடவுன் போன்ற இசைத்தட்டு நிறுவனங்களுக்கு 1960களில் ஒற்றைப் பாட்டுத் தட்டான சிங்கிள்தான் வியாபாரம். இரண்டு வெற்றிப் பாடல்களோடு கிடைத்ததைச் சேர்த்து நிரப்பினால் அது ஆல்பம். இந்த வழக்கம் பத்தாண்டின் முடிவில் உடைந்தது. ஐசக் ஹேய்ஸ் 1969இல் வெளியிட்ட 'ஹாட் பட்டர்டு சோல்' ஆல்பத்தில் மொத்தமே நான்கு பாடல்கள். அதில் ஒன்று 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். 1971 மே மாதம் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தது. அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்திலுள்ள ஆறு பாடல்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடுகின்றன. வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவன் வேலை கிடைக்காமல் விசாரிப்பது, போதையில் விழுவது, குழந்தைகளுக்காகக் கவலைப்படுவது எல்லாம் ஒரே மூச்சில். இதிலிருந்து ஒரு பாட்டைப் பிய்த்து எடுத்தால் பிய்த்த இடம் தெரியும்.

மூல கலைஞர்கள் தாங்களே இப்படி வாசிக்கவில்லையா?

பெரும்பாலும் இல்லை. ஒரு ஆல்பம் வெளிவந்ததும் அதிலிருந்து மூன்று நான்கு பாடல்களை மேடைக்குக் கொண்டுபோவார்கள்; மற்றவை தட்டிலேயே தங்கிவிடும்.

மார்வின் கேக்கு மேடை என்றாலே தயக்கம். ஆனாலும் 1972 மே 1ஆம் தேதி, தான் பிறந்த ஊரான வாஷிங்டனின் கென்னடி மையத்தில் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடல்களைப் பாடினார். வேடிக்கை என்னவென்றால், அன்று அவர் ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை முதலில் பாடிவிட்டு அதன்பிறகே முதல் பக்கத்துக்கு வந்தார். வரிசை மாறக் கூடாது என்று சண்டை போடும் தீவிர ரசிகர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஸ்டீவி வொண்டர் இதற்கு நேரெதிர். 1976இல் வந்த 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' ஆல்பத்தை 2014 நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கி ஊர் ஊராக முழுமையாக வாசித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டார் வாசித்த நேதன் வாட்ஸ் அப்போதும் பக்கத்தில் நின்றார். நரம்பிசைக் குழு, கோரஸ் என்று மேடை நிறைய ஆட்கள். சொந்த ஆல்பத்தை மேடையேற்ற மூலவருக்கே அத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தட்டில் கேட்பதை மேடையில் அப்படியே கொண்டுவர முடியுமா?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

இந்த ஆல்பங்களில் பெரும்பாலானவை ஓர் அறையில் பத்துப் பேர் கூடி ஒரே நேரத்தில் வாசித்த கச்சேரிகள் அல்ல. ஒரு நாடாவில் ஒரு குரல், அதன்மேல் இன்னொரு குரல், ஒரு வாரம் கழித்து வயலின்கள் என்று அடுக்கடுக்காகக் கட்டியவை. 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டில் மார்வின் கேயின் இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது திட்டமிட்டு வந்ததில்லை. இரண்டு முறை பாடிப் பதிந்ததில் எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டபோது, ஒலிப்பதிவாளர் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார். கேட்டவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதன்பிறகு அவர் பாடிய ஆல்பங்களிலெல்லாம் அந்த உத்தி வருகிறது. தொடக்கத்து சாக்ஸபோன் கூட, கலைஞர் சூடேற்றிக்கொள்ளச் சும்மா ஊதிப் பார்த்தது. பின்னால் கேட்கும் கலகலப்பான பேச்சுக் குரல்களில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மெல் ஃபாரும் லெம் பார்னியும் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு டிரிப்யூட் பேண்டின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஒரு மார்வின் கே போதாது, இரண்டு பேர் வேண்டும். இரண்டாமவர் வெறும் பின்னணிப் பாடகராக ஒதுங்கி நிற்க முடியாது. முதலாமவரின் மூச்சு எங்கே முடிகிறது என்று அறிந்து அங்கே நுழைய வேண்டும். 'சேவ் தி சில்ட்ரன்' பாட்டில் அவர் ஒவ்வொரு வரியையும் முதலில் பேசுகிறார், உடனே அதையே பாடுகிறார். மேடையில் அதை ஒருவர் செய்ய முயன்று திணறியதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் பிரித்துக்கொண்டு செய்து அரங்கம் உறைந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

பேஸ் கிட்டார்காரரின் பாடு இன்னும் சுவாரசியம். தலைப்புப் பாடலில் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர், தந்திகளை மாற்றவே மாட்டார் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பதிவு நடந்த இரவில் குடித்திருந்ததால் உட்கார முடியாமல் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்ற கதை டெட்ராய்ட் இசைக்காரர்களிடையே பிரசித்தம். ஆனால் முதல் பக்கத்தின் கடைசியில் வரும் 'மெர்சி மெர்சி மீ', ஆல்பத்தை முடித்துவைக்கும் 'இன்னர் சிட்டி புளூஸ்' இரண்டிலும் வாசித்தவர் பாப் பாபிட். ஆக, 35 நிமிடத்துக்குள் ஒரே மனிதர் இரண்டு வேறு மனிதர்களாக மாற வேண்டும். மாறாமலே வாசித்துவிட்டுப் போகலாம். பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிதான் அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் வாங்குகிறவர்கள்.

எத்தனை பேர் இருந்தால் ஒரு குழு?

ஆல்பத்தைப் பொறுத்தது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், இரண்டு கீபோர்டு, காங்கா போன்ற தாள வாத்தியங்களுக்கு ஒருவர், மூன்று ஊதுகருவிகள், முன்னால் ஒருவர், பின்னணியில் இருவர் என்று எண்ணினாலே பன்னிரண்டு. நால்வர் கொண்ட ராக் குழுவுக்குக் கிடைக்கும் அதே சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சோல் டிரிப்யூட் பேண்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பதற்கு அந்தக் கணக்கே காரணம்.

ஆள் குறைவாக இருந்தால் பதிவு செய்த ட்ராக்கை ஓடவிடுகிறார்களா?

சிலர் செய்கிறார்கள். 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' ஆல்பத்திலுள்ள 'பாஸ்டைம் பாரடைஸ்' பாட்டின் முடிவில் ஒரு தேவாலயக் கோரஸும் ஹரே கிருஷ்ணா பக்தர்களின் நாமசங்கீர்த்தனமும் சேர்ந்து வருகின்றன. வெள்ளிக்கிழமை இரவு ஒரு சிறு அரங்கத்துக்கு அத்தனை பேரை எங்கிருந்து கூட்டிவருவது? அந்த இடத்தில் ட்ராக் ஓடினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஃபங்க் பாட்டு ஒன்றில் ஊதுகருவிகளை ட்ராக்கில் ஓடவிட்டால் அதோடு கதை முடிந்தது. ட்ராக் ஓடினால் டிரம்ஸ்காரர் காதில் தாளத்தை எண்ணிக்கொடுக்கும் கிளிக் ஓசை ஓட வேண்டும். கிளிக் ஓடினால் அவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு இழை முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ முடியாது. அந்தத் தள்ளலையும் இழுப்பையும் கேட்கத்தானே போகிறோம்?

'சர் டியூக்' என்றாலே இசைக்காரர்கள் முகம் மாறுவது ஏன்?

ஸ்டீவி வொண்டரின் அதே ஆல்பத்திலுள்ள அந்தப் பாட்டின் நடுவில் வரும் நீண்ட ஓட்டத்தால். ட்ரம்பெட், சாக்ஸபோன், கிட்டார், பேஸ் எல்லாம் ஒரே சங்கதியை ஒன்றாக வாசிக்கின்றன. அடியில் மெத்தைபோல எந்தச் சுருதிக் கோவையும் இல்லை. ஒருவர் சறுக்கினால் மறைய இடமே கிடையாது. அதோடு பாட்டின் சுருதி பி மேஜர். ட்ரம்பெட்காரருக்கு அது ஐந்து ஃபிளாட்டுகளோடு எழுதிய தாளாக வந்து நிற்கும். ஸ்டீவி வொண்டருக்குக் கறுப்புக் கட்டைகள் நிறைந்த சுருதிகள்மேல் தனிப் பிரியம். 'சூப்பர்ஸ்டிஷன்', 'ஐ விஷ்' இரண்டும் ஈ ஃபிளாட் மைனர். கீபோர்டில் கை சுகமாக உட்காரும், கிட்டாரில் திறந்த தந்தி ஒன்றுகூட உதவாது.

இன்னொன்று: அந்தப் பாட்டே ஒரு டிரிப்யூட். 1974இல் மறைந்த டியூக் எலிங்டனுக்காக எழுதப்பட்டது.

பதிவில் மெல்லத் தேய்ந்து மறையும் பாடல்களை மேடையில் எப்படி முடிக்கிறார்கள்?

ஆல்பத்தில் இல்லாத ஒன்றை இவர்கள் சொந்தமாக ஆக்கியே தீர வேண்டிய இடம் இது. ஸ்டுடியோவில் ஒலியைக் குறைத்துவிட்டால் பாட்டு முடிந்தது; மேடையில் பன்னிரண்டு பேர் ஒரே கணத்தில் நிறுத்த வேண்டும். 'அனதர் ஸ்டார்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடித் தேய்கிறது. ஒரு குழு அதை ஊதுகருவிகளின் ஓங்கிய வெட்டோடு முடிப்பதைக் கேட்டேன். இன்னொரு குழு வாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் காங்காவும் கைதட்டலும் மட்டும் மிஞ்சும்படி செய்தது. கைதட்டியது நாங்கள். எப்போது நிறுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஸ்வரமும் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டுமா?

மெல்லிசைக் குழுவின் கச்சேரியில் இடையிசை ஒரு ஸ்வரம் மாறினாலும் முதல் வரிசையில் முகம் சுளிப்பவர்களை நமக்குத் தெரியும். இங்கேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. என் கட்சி வேறு: எழுதிவைத்து வாசித்த பகுதிகளை, அதாவது ஊதுகருவிகளின் வரிகள், பேஸின் அடிப்படைச் சுழற்சி, பின்னணிக் குரல்களின் அடுக்கு ஆகியவற்றை மாற்றாதீர்கள். அந்தக் கணத்தில் தோன்றி வாசித்த தனிவாசிப்பை நகலெடுக்காதீர்கள். மனோதர்மத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அது மனோதர்மம் ஆகாது.

ஒரு விதிவிலக்கு. சில தனிவாசிப்புகள் பாட்டின் மெட்டாகவே ஆகிவிட்டன. 'இஸிண்ட் ஷீ லவ்லி' பாட்டின் ஹார்மோனிகாவை ரசிகர்கள் கூடவே முணுமுணுக்கிறார்கள். அதில் கை வைத்தால் அடி விழும்.

ஃபங்கில் எது கடினம்? கேட்க எளிமையாகத்தானே இருக்கிறது?

குறைவாக வாசிப்பது. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் ஒரு கிட்டார்காரர் முழுப் பாட்டுக்கும் இரண்டே கோவையை வெட்டி வெட்டி வாசித்துக்கொண்டிருப்பார். அலுத்துப்போய் மூன்றாவதைச் சேர்த்தால் கட்டடம் சரியும்.

ஜேம்ஸ் பிரவுன் 'தி ஒன்' என்று ஓயாமல் சொன்னது தாளச் சுற்றின் முதல் அடியை. நம் தாளக் கணக்கில் சமம் என்போமே, ஏறக்குறைய அது. அதற்கு முன் வந்த சோல் பாடல்களில் இரண்டாம், நான்காம் அடிகளில் கைதட்டல் விழும். அவர் எடையை முதல் அடிக்கு மாற்றினார். 1967இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' பாட்டைக் கேட்டால் தெரியும்: பேஸ், கிட்டார், ட்ரம்பெட் எல்லாமே தாள வாத்தியங்களாக மாறி, ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் விழுகிறார். முதல் அடியில் எல்லாரும் கூடிவிட்டால் மற்ற இடங்களில் என்ன குறும்பும் செய்யலாம். அந்தக் கூடல் ஒரு மயிரிழை தவறினாலும் ஆடிக்கொண்டிருக்கும் கால்கள் உடனே கண்டுபிடித்துவிடும்.

தவறு செய்த வாத்தியக்காரருக்கு அவர் மேடையிலேயே விரல்களைக் காட்டி அபராதம் போடுவார். காலணி பளபளக்காவிட்டாலும் அபராதம். டிரிப்யூட் பேண்டுகள் இந்தப் பழக்கத்தைப் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்குச் சம்பளத்தில் கழிக்க என்ன இருக்கிறது?

ஏற்கெனவே நேரடிக் கச்சேரியாகப் பதிவான ஆல்பத்தை வாசிப்பதில் பொருள் உண்டா?

'லைவ் அட் தி அப்பல்லோ' பற்றிக் கேட்கிறீர்கள். 1962 அக்டோபர் 24ஆம் தேதி நியூயார்க்கின் ஹார்லெமிலுள்ள அப்பல்லோ அரங்கில் பதிவானது. நேரடிப் பதிவை யார் வாங்குவார்கள் என்று நிறுவனம் கையை விரித்துவிட, ஜேம்ஸ் பிரவுன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1963இல் வெளிவந்து பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது.

இதை மேடையேற்றுவதில் ஒரு சிக்கல். அந்தப் பதிவில் பாதி இசை கூட்டத்தினுடையது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் 'லாஸ்ட் சம்ஒன்' பாட்டில் அவர் ஒரு முனகல் முனகினால் பெண்கள் கத்துகிறார்கள், அந்தக் கத்தலுக்கு அவர் பதில் சொல்கிறார். தட்டில் அந்தப் பாட்டு பக்கத்துக்குப் பக்கம் பாதியாக வெட்டுப்பட்டிருக்கும். மேடையில் ஒட்டிக் கேட்கலாம். ஆனால் இன்றைய கூட்டத்துக்கு எந்த இடத்தில் கத்துவது என்று மனப்பாடம். ஆச்சரியமே இல்லாமல் சரியான நேரத்தில் வரும் கத்தலைக் கேட்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பழைய வாத்தியங்களையே கொண்டுவருகிறார்களா?

ஹேமண்ட் பி-3 ஆர்கனின் எடை 200 கிலோவை நெருங்கும். ஸ்டீவி வொண்டர் 'கனவு இயந்திரம்' என்று அழைத்த யமஹா ஜிஎக்ஸ்-1 சுமார் 300 கிலோ. மூன்றாம் மாடியில் இருக்கும் அரங்கத்துக்கு இவற்றை யார் தூக்குவது? டிஜிட்டல் கீபோர்டு போதும். தந்திகளைக் கொண்ட மின் கீபோர்டான கிளாவினெட்டை மட்டும் அசலாகக் கொண்டுவந்தால் மகிழ்வேன். கட்டையை அழுத்தும்போது அடியில் தந்தியைத் தட்டும் அந்த முரட்டு நறுக்கு இன்னும் டிஜிட்டலில் முழுதாக வரவில்லை என்பது என் காதின் தீர்ப்பு.

விக், மினுங்கும் உடை, சோர்ந்து விழும் ஜேம்ஸ் பிரவுன்மேல் மேலங்கி போர்த்தும் நாடகம் இவையெல்லாம்?

உடையில் ஆட்சேபம் இல்லை. தோலுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு மேடையேறுவது மட்டும் எந்த விளக்கத்துக்கும் இடமில்லாத அவமதிப்பு. கறுப்பர்களைக் கேலி செய்து அமெரிக்க மேடைகளில் நூறாண்டுக்கு மேல் நடந்த கூத்தின் எச்சம் அது. நல்ல குழுக்கள் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் வருகின்றன.

இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டாமா?

பொதுவாக அரங்கம் உரிமம் வைத்திருக்கும். பிரிட்டனில் பிஆர்எஸ், அமெரிக்காவில் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வசூலித்துப் பாடலாசிரியர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் அனுப்புகின்றன. கவனியுங்கள்: எழுதியவர்களுக்குத்தான். 'வாட்ஸ் கோயிங் ஆன்' வாசிக்கப்படும்போது அதில் எழுத்துப் பங்குள்ள ரெனால்டோ பென்சன் தரப்புக்குப் பணம் போகும். நாம் முணுமுணுக்கும் அந்த பேஸ் வரியை உருவாக்கிய ஜேமர்சன் தரப்புக்கு இதில் எதுவும் இல்லை. மோடவுனின் வாத்தியக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் தட்டின் உறையில் பெயர்கூட இல்லை. முறையாகப் பெயர் போட்டது இந்த ஆல்பத்தில்தான்.

ஒரு விசித்திரம். மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் சாயலைப் புதுப் பாட்டில் கொண்டுவந்ததாக 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பிறகு அது சுமார் 53 லட்சமாகக் குறைந்தது. அதே பாட்டை முழுதாக, அப்பட்டமாக மேடையில் வாசித்தால் வழக்கமான உரிமக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

குழுவுக்கு என்ன பெயரும் வைக்கலாமா?

கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், மூலக் குழுவோடு தொடர்பே இல்லாதவர்கள் அதன் பெயரில் கச்சேரி செய்வதைத் தடுக்கும் சட்டம் உண்டு. டிரிப்யூட் என்று தெளிவாக அறிவித்தால் தப்பலாம். எர்த் விண்ட் அண்ட் ஃபயர் பெயரோடு 'லெகசி ரீயூனியன்' என்று சேர்த்து விளம்பரம் செய்த குழுமீது மூலக் குழு தொடுத்த வழக்கில், 2024இல் ஃபுளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் அது வணிகக்குறி மீறல் என்றது. டிக்கெட் வாங்கும்போது சிறிய எழுத்தையும் படியுங்கள்.

அடுத்தவர் பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் சொந்தக் குரல் எப்போது வரும்?

வராமலே போகலாம். அமெரிக்க சோல் பாடகர் சார்லஸ் பிராட்லிக்கு 62 வயதில் வந்தது.

1962இல், பதினான்கு வயதில், அக்காவோடு அப்பல்லோவுக்குப் போய் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தார். மேலே சொன்ன ஆல்பம் பதிவான அதே அரங்கம், அதே ஆண்டு. வீட்டுக்கு வந்து துடைப்பக் குச்சியை மைக்காக வைத்துக்கொண்டு பழகினார். பல ஆண்டுகள் சமையல்காரராக வேலை பார்த்தார். பிறகு புரூக்ளின் மதுக்கூடங்களில் 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில் விக்கும் மேலங்கியும் அணிந்து ஜேம்ஸ் பிரவுனாக நடித்துப் பாடினார். அங்கேதான் டாப்டோன் நிறுவனத்தைச் சேர்ந்த கேப்ரியல் ராத் அவரைக் கண்டார். முதல் ஆல்பம் 2011இல் வந்தது. அதிலிருந்து 2017இல் இறக்கும்வரை உலகம் சுற்றிப் பாடினார்.

அவரது கத்தலில் ஜேம்ஸ் பிரவுன் கேட்கிறார், மறுக்க முடியாது. ஆனால் வரியின் முடிவில் குரல் உடையும் விதம் பிராட்லியுடையது.

முதல் முறை போகிறேன். குழு தேறுமா என்று எப்படி அறிவது?

பாடகரைப் பார்க்காதீர்கள். இரண்டாம் பாட்டு வரும்வரை டிரம்ஸ்காரரையும் பேஸ்காரரையும் மட்டும் பாருங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் நல்லது. பார்க்காமலே ஒன்றாகச் சிரித்தால் இன்னும் நல்லது. தாளை வைத்துக்கொண்டு ஊதுகருவிக்காரர்கள் வாசித்தால் குறையாக நினைக்க வேண்டாம்.

உட்கார்ந்து கேட்கலாமா?

'வாட்ஸ் கோயிங் ஆன்' என்றால் தாராளமாக. ஜேம்ஸ் பிரவுன் என்றால் நாற்காலியே போட்டிருக்க மாட்டார்கள். காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள்; ட்ரம்பெட்டுகளுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், 'வாட்ஸ் கோயிங் ஆன்' போன்ற ஆல்பத்தில் முதல் பாட்டே தலைப்புப் பாட்டு.